பழைய எம்5-ஆ, ஈ55-ஆ?

1990களின் கடைசியில் வந்த இரண்டு ஜெர்மன் செடான்கள்: பிஎம்டபிள்யூ எம்5 (ஈ39), மெர்சிடிஸ் ஈ55 ஏஎம்ஜி (டபிள்யூ210). இன்னைக்கு இதில் ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடுறவங்க முதல்ல பார்ப்பது குதிரைத்திறன். எம்5-க்கு 400, ஈ55-க்கு 354. அதோட முடிவு பண்ணிடறாங்க. அங்கதான் தப்பு.

இரண்டுமே வி8. எம்5-இல் சிலிண்டருக்கு 4 வால்வு, தனித்தனி த்ராட்டில், வால்வு நேரத்தை மாற்றும் வேனோஸ். அந்த 400 முழுசா வேணும்னா 6,600 ஆர்பிஎம் வரை முறுக்கணும். ஈ55-இல் சிலிண்டருக்கு 3 வால்வுதான். ஆனா டார்க் 530 நியூட்டன் மீட்டர், எம்5-ஐ விட 30 அதிகம், அதுவும் 3,000 ஆர்பிஎம்மிலேயே. தேய்வதற்கான பாகங்களும் குறைவு. எம்5-இல் வேனோஸ், செயின் கைடு என்று கை வைத்தால் பில் எகிறும்.

ஈ55-க்கு வேற வியாதி: துரு. இன்ஜின் கல்லு மாதிரி இருக்கும், வீல் ஆர்ச் கரைஞ்சிருக்கும். வண்டியைத் தூக்கி அடியில் பார்க்காம பணம் கொடுத்துடாதீங்க.

ஒரு வேடிக்கை. ஓட்டுறவங்களுக்கான கார்னு பேர் வாங்கிய எம்5-இல் இருப்பது பழைய பாணி ரீசர்க்குலேட்டிங் பால் ஸ்டீயரிங். வி8-ஐ உள்ளே அடைச்சதில் ரேக் வைக்க இடமில்லை. சொகுசு கார்னு நாம நினைக்கிற மெர்சிடிஸில்தான் ரேக் அண்ட் பினியன்!

கடைசியில் கியர். எம்5, 6 ஸ்பீடு மேனுவல் மட்டும். ஈ55, 5 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் மட்டும். தினமும் டிராஃபிக்கில் ஓட்டப்போறவர் துருவில்லாத ஈ55 தேடலாம். கிளட்ச் மிதிக்க ஆசைன்னா எம்5-தான், ஆனா வாங்குற விலைக்கு மேல ரிப்பேருக்குன்னு தனியா ஒரு தொகை கையில் இருக்கணும்.