யாரை மேடையேற விடவில்லை?

வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்கள் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்று கேட்பது ரசிகர்களுக்குச் சலிக்காத விளையாட்டு. 1970இல் அமெரிக்காவில் அதைத் திரைப்படமாகவே காட்டினார்கள். ஓய்வுபெற்ற ராக்கி மார்சியானோவும், வியட்நாம் போருக்குப் போக மறுத்து உரிமம் இழந்திருந்த முகமது அலியும் மேடையேறி நடித்தார்கள். இருவரின் பழைய சண்டைக் கணக்குகளைக் கொண்டு கணினி முடிவு சொன்னது: பதின்மூன்றாம் சுற்றில் அலி வீழ்ந்தார்.

நடக்காத சண்டையைக் கற்பனை செய்யவும் நடந்த சண்டைகளின் பதிவு வேண்டும். பெண்களுக்கு அந்தப் பதிவு எங்கே என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. நியூயார்க் மாநிலம் பெண்களுக்குக் குத்துச்சண்டை உரிமம் தந்தது 1978இல். அதுவும் ஜாக்கி டோனவாண்டா போன்றவர்கள் நீதிமன்றம்வரை போராடிய பின்பு. பிரிட்டனில் 1998இல் ஜேன் கவுச் வழக்காடி வெல்லும்வரை பெண்ணுக்கு உரிமம் இல்லை. மேடை மறுக்கப்பட்டவளுக்குக் கணக்கு இல்லை. கணக்கில் இல்லாதவள் யாருடைய கற்பனையிலும் வருவதில்லை.

2001இல் லைலா அலியும் ஜாக்கி ஃப்ரேசியர்-லைடும் மோதினார்கள். எட்டுச் சுற்றும் முடிந்து லைலா வென்றார். ஆனால் அவர்களின் அப்பாக்கள் மோதிய மூன்று சண்டைகளின் தொடர்ச்சியாக, 'அலி–ஃப்ரேசியர் நான்கு' என்றே அதை விற்றார்கள். மகள்கள் நிஜமாகச் சிந்திய வியர்வையும் அப்பாக்களின் நடக்காத நான்காம் சண்டையாகிவிட்டது.

"யார் வென்றிருப்பார்?" என்று இனி யாராவது கேட்டால், யாரை மேடையேற விடவில்லை என்று நான் திருப்பிக் கேட்பேன்.