ஒற்றைக் கண்ணியில் நிற்கும் பூ

என் பெரியம்மா வீட்டில் தண்ணீர் ஜக்கை மூட ஒரு வெள்ளை வலை இருந்தது. உள்ளங்கை அகல வட்டம்; விளிம்பைச் சுற்றி 16 நீலப் பாசிமணிகள். லிங்கித் தோட்டத்து லயன் வீட்டில் மதியக் காற்று முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறும். மணிகளின் கனம் வலையைப் பறக்கவிடாது. ஈ விழாது, தண்ணீரும் புழுங்காது. ஜக்கைத் தூக்கினால் மணிகள் மெல்ல ஒலிக்கும். யாரோ தண்ணீர் குடிக்கிறார்கள் என்று அடுப்படியிலிருந்தே பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

குரோஷா என்கிற கொக்கிப் பின்னலை நான் ரசிக்கக் கற்றது அந்த 16 மணிகளிடம்தான். பிறகு எத்தனையோ கண்காட்சிகளில் எத்தனையோ பின்னல் வேலைகளைப் பார்த்துவிட்டேன். ஒரு பொருளின் அழகும் அதன் வேலையும் அவ்வளவு நெருங்கி நின்றதை வேறெங்கும் பார்க்கவில்லை.

லிங்கி, போர்ட்டிக்சன் மாவட்டத்துச் சிற்றூர். நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் எல்லையாக ஓடி, கோலா லிங்கியில் மலாக்கா நீரிணையில் கலக்கும் ஆற்றின் பெயர்தான் ஊருக்கும். சுற்றிலும் ஒரு காலத்தில் கித்தா எனப்படும் ரப்பர் மரம். இன்று பெரும்பாலும் செம்பனை. கித்தாக் காலத்துத் தோட்டத்தில் பொழுதுக்கு ஒரு கணக்கு உண்டு. இருட்டோடு எழுந்து சமையலை முடித்து, பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்குக்குப் போய், பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டு, மரம் சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீடு வந்தால் மதியம். சோறு உண்டபின் மாலை வேலைகள் தொடங்கும்வரை ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் மிஞ்சும். வானொலியின் தமிழ் நிகழ்ச்சி ஒலிக்க, முன்வாசல் படியில் கொக்கி எடுத்து உட்காரும் நேரம் அது.

இரண்டு ஊசிகளால் கம்பளி பின்னும் கலை இங்கே ஏன் வேர்விடவில்லை, கொக்கி மட்டும் ஏன் வீட்டுக்கு வீடு போயிற்று என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறிமாறி வரும் ஊரில் கம்பளிக்கு வேலையில்லை என்பது கண்ணுக்குத் தெரியும் காரணம். இன்னொன்று, பின்னலின் அமைப்பிலேயே இருக்கிறது. இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியில் உயிரோடு நிற்கும். நூறு கண்ணி என்றால் நூறும் திறந்தே இருக்கும். ஒன்று நழுவினால் ஏணிப்படி போல் கீழ்வரை அவிழ்ந்து இறங்கும். குரோஷாவில் பெரும்பாலும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணிதான். மற்றவை எல்லாம் முடிந்துபோன காரியங்கள். அந்த ஒரு கண்ணியைச் சற்று நீட்டி இழுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். பிள்ளை அழுதால் போகலாம், மழை இருட்டினால் கொடித்துணி எடுக்கப் போகலாம். இரண்டு நாள் கழித்து வந்தாலும் விட்ட இடத்தில் காத்திருக்கும். இடைவிடாத நேரம் என்று ஒன்றைக் கண்டறியாத பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான கலை வாய்த்திருக்க முடியாது.

கொக்கி இங்கு வந்த வழி நீளமானது. அயர்லாந்தில் 1840களில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் வந்தபோது, பட்டினி கிடந்த குடும்பங்களுக்குக் கன்னியர் மடங்கள் குரோஷா லேஸ் கற்றுக்கொடுத்தன. அதை விற்று அவர்கள் வாங்கியது அரிசி அல்ல, ரொட்டி; பசி ஒன்றுதான். தமிழ் மண்ணில் லேஸ் அதற்கும் முன்பே வந்துவிட்டது. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலை அங்கும் போயிற்று. மலாயாவிலோ 1852இல் பினாங்கு வந்த குழந்தை இயேசு கன்னியரின் கான்வென்ட் பள்ளிகளில் ஊசி வேலை ஒரு பாடம். நாடு விடுதலை பெற்றபின், முதியோர் கல்விக்காக 1961இல் தொடங்கிய பணி 'கெமாஸ்' என்ற சமூக மேம்பாட்டு இலாகாவாக வளர்ந்து, தையலும் சமையலும் கைவேலையும் கற்பித்தது. இத்தனை வாசல் இருந்தும், தோட்டத்துப் பெண்களில் பலர் கற்றது பக்கத்து வீட்டுப் படியில்தான். பெரியம்மாவும் அப்படித்தான். எதிர்வீட்டு அக்காவின் விரலைப் பார்த்தே பிடித்துக்கொண்டாராம்.

அந்த விரல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கித்தா மரம் சீவுவது முரட்டு வேலை என்று வெளியார் நினைக்கலாம். கத்தி ஒருமுறை எடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான். உள்ளே மரத்தின் உயிர்ப்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும். மேலோடு போனால் பால் வராது. ஆழம் போனால் மரம் புண்படும். ஆறும்போது முண்டும் முடிச்சுமாகப் பட்டை வளரும், அந்த இடத்தில் மறுபடி சரியாகச் சீவ முடியாது. இடமேலிருந்து வலக்கீழாகச் சாய்ந்து இறங்கும் கோட்டில், நூற்றுக்கணக்கான மரங்களில், விடியாத வெளிச்சத்தில், அந்த அளவு தப்பக்கூடாது. காலையெல்லாம் இப்படி அளந்து பழகிய மணிக்கட்டுதான் மதியம் கொக்கி பிடித்தது. குரோஷாவின் உயிர் இழுவையில் இருக்கிறது. இடக்கைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றி, ஆள்காட்டி விரலுக்கு மேலே வரும் நூலை அந்த விரல் நுனி எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பொறுத்தே கண்ணிகள் ஒரே அளவில் விழும். பெரியம்மாவின் மேசை விரிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் முதல் பூவின் கண்ணியும் கடைசிப் பூவின் கண்ணியும் ஒன்றுபோல் இருக்கும். கத்தி கற்றுக்கொடுத்த நிதானம் அது என்பதே என் எண்ணம்.

ஒரே ஒரு வேறுபாடு. கத்தியின் பிழை மரத்தில் பல ஆண்டு நிற்கும். கொக்கியின் பிழையை நூலைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும், ஒரு அங்குல நூலும் வீணாகாது. காலையில் தவறவே கூடாத வேலையைச் செய்தவர்களுக்கு மதியத்தில் தவறலாம் என்ற சுதந்திரம் கிடைத்தது. அதனால்தானோ என்னவோ, பின்னும்போது அவர்கள் முகத்தில் ஒரு சாவகாசம் இருக்கும்.

குரோஷாவை எப்படிப் பார்த்து ரசிப்பது? முதலில் வட்டத்தைப் பாருங்கள். மேசையில் தட்டையாகப் படுக்கிறதா? டிரெபிள் கண்ணியில் வட்டம் போட்டால், முதல் சுற்றில் 12, அடுத்ததில் 24, அதற்கடுத்து 36 என்று சுற்றுக்கு 12 கூடினால் தட்டையாக விரியும். குறைத்தால் கிண்ணம்போல் குழியும். மிகுந்தால் தாழம்பூ மடல்போல் அலையலையாகச் சுருளும். இந்தச் சுருளலில் பெரிய கணக்கு ஒளிந்திருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகக் கணித ஆசிரியர் டைனா டைமினா 1997இல் இதே முறையில் கண்ணிகளைச் சீராகப் பெருக்கிப் பின்னி, காகிதத்தில் நிலைக்காத 'ஹைபர்போலிக்' தளத்தை மாணவர் கையில் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். பெரியம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. "கண்ணி கூடிப்போச்சு, மூணு சுத்து அவுத்துடு" என்பார். அவர் விரலுக்குத் தெரிந்த கணக்கு அது.

அடுத்து, பூக்கள் சேரும் இடத்தைப் பாருங்கள். தனித்தனிப் பூவாகப் பின்னிக் கடைசியில் கோப்பவர் உண்டு. பின்னும்போதே பக்கத்துப் பூவின் நுனியில் கொக்கியை விட்டு இணைத்துக்கொண்டே போவோர் உண்டு. இரண்டாவது வழியில் ஒட்டே தெரியாது. பிறகு துணியைத் திருப்பிப் போடுங்கள். நூல் முனைகள் எங்கே மறைந்தன என்று கண்டுபிடிக்க முடியவில்லையென்றால், நல்ல கை. கடைசியாக நூலின் நம்பர். 10, 20, 40, 60 என்று எண் ஏற ஏற நூல் மெலியும். 10இல் பெரும்பாலோர் பின்னலாம். 60ஆம் நம்பர் நூலில் அன்னாசிப்பழ வடிவம் பின்னியவரைக் கண்டால் எழுந்து நின்று வணங்கத் தோன்றும்.

பின்னி முடித்ததும் வேலை முடியாது. கட்டிச் சவுக்காரத்தில் அலசி, வடித்த கஞ்சியிலோ சவ்வரிசிக் கஞ்சியிலோ முக்கி, பலகையில் குண்டூசி குத்தி, வடிவம் இழுத்து நிழலில் காயவிட வேண்டும். கஞ்சியில் சீனி கலந்தால் விறைப்பு அதிகம், ஆனால் எறும்பு வந்துவிடும் என்பது பெரியம்மா சொன்ன பாடம். நம் ஊர் ஈரக் காற்றில் பெட்டிக்குள் மடித்து வைத்தால் கரும்புள்ளி விழும். மாதம் ஒருமுறையாவது காற்றாட விரிக்க வேண்டும்.

இப்போது பெரியம்மா இருப்பது பழைய லயத்தில் இல்லை. தாமான் எனப்படும் குடியிருப்பில், வெள்ளைச் சுவர் வீட்டில். கித்தா போய்ச் செம்பனை வந்தபோது தோட்டத்தை விட்டு வெளியேறிய பல குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கட்டிலும் அடுப்பும் மாறின. விரிப்புகள் மட்டும் கூடவே வந்தன. சாமி மேடைக்கு ஒன்று, ஷோகேசுக்கு ஒன்று, இன்று யாரிடமும் இல்லாத பெட்டித் தொலைக்காட்சிக்காகப் பின்னியது ஒன்று.

ஆகஸ்ட் கடைசியில் பேரப்பிள்ளைகள் கூடுவார்கள். ஆடித் திருவிழா முடிந்து ஆவணி பிறந்திருக்கும். சில ஆண்டுகளில் புகைமூட்டம் வந்து பிள்ளைகளை வீட்டுக்குள் அடைக்கும். வாசலில் சுதந்திர தினக் கொடி, உள்ளே தரையெல்லாம் நூல் உருண்டை. பெரியம்மாவுக்குத் தீபாவளிக் கணக்கு ஆவணியிலேயே தொடங்கும். ஒரு பூ 10 சென்டிமீட்டர். 60க்கு 100 சென்டிமீட்டர் மேசைக்கு 60 பூ. பூவுக்கு முக்கால் மணி என்றால் 45 மணி நேரம். நாளுக்கு ஒரு மணி கிடைத்தால் ஒன்றரை மாதம். விளிம்பு தனி. புரட்டாசிக்குத் தள்ளினால் புது விரிப்பு தீபாவளிக்கு வராது.

போன ஆண்டு அந்தக் கூடத்திலேயே ஒரு சிறு வகுப்பு நடந்தது. பேத்திகள் இருவர், பக்கத்து வீட்டுச் சிறுமிகள் மூவர், பார்க்க வந்து உட்கார்ந்துவிட்ட மருமகள். பெரிய பேத்தி கைப்பேசியில் ஒரு பாடத்தைப் பார்த்துப் பின்னினாள். பூ பாதி அளவாக வந்தது. "பாட்டி, நீங்க டபுள்னு சொன்னதைத்தான் போட்டேன், இதுல இருக்கற படம் வேற மாதிரி வருதே" என்றாள். பெரியம்மா அவள் கையிலிருந்ததை வாங்கி விரலால் நீவிப் பார்த்தார். "நீ போட்டது நம்ம டபுள். படத்துல இருக்கறது எங்க டிரெபிள் கண்ணு. அவங்க இதுக்கு டபுள்னு பேரு வச்சிருக்காங்க." பேத்தி தேடிப் பார்த்தாள்; சரிதான். பிரிட்டிஷ் வழக்கில் டிரெபிள் என்பது அமெரிக்க வழக்கில் டபுள். பிரிட்டிஷ் டபுள் அங்கே சிங்கிள். பெயரை நம்பிப் பின்னியவள் தடுமாறினாள். தொட்டுப் பார்த்தவருக்கு நொடியில் விளங்கியது. அன்று முதல் அந்தப் பிள்ளைகள் பாட்டியின் சொல்லையும் திரையின் சொல்லையும் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிவைத்துக்கொள்கிறார்கள். இரண்டு தலைமுறைக்கு நடுவே ஒரு அகராதி உருவாகிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. இரட்டை ஊசிப் பின்னலுக்கு 1589இலேயே வில்லியம் லீ இயந்திரம் செய்துவிட்டார். அந்த வழியில் வந்ததுதான் திருப்பூரின் பனியன் தொழில். குரோஷாவைத் தொழிற்சாலையில் பின்னும் இயந்திரம் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. ஆய்வுக்கூட முயற்சிகள் நடக்கின்றன, அவ்வளவுதான். கடையில் அதைப்போலத் தோன்றும் இயந்திரத் துணிகள் வேறு அமைப்பு. உண்மையான குரோஷா எங்கே தொங்கினாலும், எவ்வளவு மலிவாக விற்றாலும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் ஒரு மனிதக் கை இழுத்திருக்கிறது. ஆந்திரத்து நர்சாப்பூரில் வீட்டுக்குள் அமர்ந்து லேஸ் பின்னும் பெண்களுக்கு எவ்வளவு குறைந்த கூலி கிடைத்தது என்பதை மரியா மீஸ் 1982இல் ஒரு நூலாகவே எழுதினார். ஆகவே மலிவான குரோஷாச் சட்டையைக் கண்டு நான் மகிழ்வதில்லை. பெரியம்மாவின் 45 மணி நேரம் கையில் இருக்கும்போது மகிழ முடிவதில்லை.

லிங்கிக்குப் பக்கத்தில் பெங்கலான் கெம்பாஸில் ஷேக் அகமது மஜ்னூனின் கல்லறையும் செதுக்கிய நெடுங்கற்களும் இருக்கின்றன. கல்வெட்டில் ஆண்டு நிற்கிறது. வேலியிட்டுக் காக்கிறார்கள், காக்க வேண்டியதுதான். தோட்டத்துப் பெண்கள் நூலில் எழுதியதற்கு ஆண்டும் இல்லை, பெயரும் இல்லை. வீடு மாறும்போது பழந்துணி மூட்டையோடு போய்விடுகிறது. மலேசியத் தோட்டத் தமிழரின் கலை என்று பேசும்போது நாம் உறுமியையும் கும்மியையும் காவடியையும் சொல்கிறோம். மேசை விரிப்பையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

உங்கள் வீட்டு அலமாரியின் அடியிலும் ஒன்று இருக்கும். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பின்னியவர் உயிரோடு இருந்தால், எந்த வீட்டில், எந்த ஆண்டு, யாரிடம் கற்றுப் பின்னினார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். பிறகு கொக்கியும் 10ஆம் நம்பர் நூலும் வாங்கி அவர் பக்கத்தில் உட்காருங்கள். முதல் சுற்றுக்கு 12 கண்ணி. அதிலிருந்து அவர் சொல்லித்தருவார்.