காளியின் சம்மதம்

‘முள்ளும் மலரும்’ படத்தின் பெயரை எடுத்ததுமே பேச்சு விமர்சனத்தை விட்டு நினைவுகூரலுக்குப் போய்விடுகிறது. பாலு மகேந்திராவின் வெளிச்சம், இளையராஜா, ஷோபாவின் கண்கள், கடைசியில் ‘அந்தக் காலத்து ரஜினி’ என்று ஒரு பெருமூச்சு. 1978 ஆகஸ்ட் 15 அன்று வெளியான படம் அது. அதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை நன்றிக் கடிதங்கள். நானும் இரண்டு எழுதியிருக்கிறேன்.

சென்ற மாதம் வீட்டில் அதை மறுபடி ஓட்டினோம். உடன் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மின்வாரியத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர். இன்னொருத்தி கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள். படம் முடிந்ததும் நண்பர் கேட்டார்: “அந்த இன்ஜினியர் பண்ணதுல என்னய்யா தப்பு? ஆளுங்கள ஏத்தக் கூடாத டிராலியில ஏத்துறான். ரூல் போடத்தான செய்வாரு?” தங்கை மகளின் கேள்வி வேறு. “மாமா, கட்டிக்கப் போறது அவ. அண்ணன்கிட்ட ஓடிப் போய் எதுக்கு நிக்கணும்?”

இரண்டு கேள்விக்கும் என்னிடம் உடனே பதில் இல்லை. இரண்டும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன என்பது பிறகு புரிந்தது. ரஜினி நடித்த காளி என்ற அண்ணனைப் படம் எந்தத் தூரத்திலிருந்து பார்க்கிறது? அவனை நமக்குக் காட்டுகிறதா, அல்லது அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறதா? படத்தின் புகழ் நியாயமா என்பதை இந்த ஒரு கேள்வியை வைத்தே தீர்மானிக்கலாம் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன், படத்தின் மேல் தவறாக ஒட்டப்பட்ட இரண்டு பெருமைகளைக் கழற்றிவிட வேண்டும்.

முதலாவது, ‘வசனமே இல்லாத படம்’ என்பது. கல்லூரி மாணவனாக மேடையேறி, எம்.ஜி.ஆர். முன்னிலையிலேயே தமிழ் சினிமாவின் இயல்பின்மையைச் சாடியவர் படத்தின் இயக்குநர் மகேந்திரன். ஆனால் சினிமாவில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ‘தங்கப்பதக்கம்’. சிவாஜி கர்ஜித்த, வசனத்தாலேயே நின்ற கதை. அந்த வேலையில் அவருக்கிருந்த சலிப்பும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துதான் முதல் படத்தை இப்படி எடுக்க வைத்தன. படத்தைப் போட்டுப் பார்த்த தயாரிப்பாளர் வசனம் எங்கே என்று நொந்துபோனதையும், ஜேசுதாஸ் பாடும் ஜீப் பாட்டு தொடர்பாக எடுக்க வேண்டியிருந்த ஒரு காட்சிக்குப் பணம் மறுக்கப்பட்டபோது கமல்ஹாசன் கொடுத்து உதவியதையும் மகேந்திரனே பலமுறை சொல்லியிருக்கிறார். இவை சுவையான கதைகள். ஆனால் படத்தை இன்று பார்த்தால், அதில் எல்லோரும் பேசுகிறார்கள். காளி நிறையவே பேசுகிறான். மகேந்திரன் வசனத்தை ஒழிக்கவில்லை, அதன் தலையிலிருந்த சுமையை இறக்கினார். கதையை நகர்த்தும் வேலை பாத்திரங்களின் வாயிலிருந்து முகத்துக்கும் மலைச்சரிவுக்கும் விஞ்ச் கம்பிக்கும் மாறியது. கையிழந்து நிற்கும் காளியை அவன் தங்கை வள்ளி பார்க்கும் காட்சியில், அதற்கு முந்திய படமாக இருந்திருந்தால் இரண்டு பக்க வசனம் வந்திருக்கும். இங்கே காலியான ஒரு சட்டைக் கை போதுமானதாக இருக்கிறது. பின்னணி இசை கொஞ்சம் அதிகமாகவே உதவுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மௌனத்தின் பெருமையில் பாதி இளையராஜாவுக்குச் சேர வேண்டியது.

இரண்டாவது பெருமை, ‘ரஜினியின் ஆகச் சிறந்த நடிப்பு’. அது உண்மைதான், ஆனால் காரணத்தை மாற்றிச் சொல்கிறார்கள். அதே 1978இல்தான் ‘பைரவி’ வந்தது, சூப்பர் ஸ்டார் பட்டமும் வந்தது. அந்த ஆண்டு அவர் நடித்த படங்கள் இருபதை ஒட்டி வரும். அந்த ஓட்டத்துக்கு நடுவே காளி. இன்று ரசிகர்கள் விசிலடிக்கும் ‘கெட்ட பய’ வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது மீம்களிலும் சட்டைகளிலும் ஒரு வீரனின் முழக்கமாகத் திரிகிறது. படத்தில் அதைச் சொல்பவன் கையும் போய் வேலையும் போய் இன்ஜினியர் முன்னால் நிற்கிறவன். இன்னும் எது போனாலும் பிழைத்துக்கொள்வேன் என்று அவன் சொல்லும்போது, குரல் மேலே போகப் போகக் கண் கீழே இறங்குகிறது. தோற்றவன் தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொள்ளும் பேச்சு அது. ரஜினியின் பிற்காலப் படங்கள் அந்தத் தட்டிக்கொடுத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு தோல்வியை உதறிவிட்டன. ‘இப்படியே நடித்துக்கொண்டிருந்திருந்தால்’ என்று ஏங்குவதில் எனக்கு ஆர்வமில்லை. காளியைச் சரியாகப் பார்க்க விடாமல் தடுப்பது அதற்கப்புறம் வந்த ரஜினிதான் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இப்போது நண்பரின் கேள்வி. பவர் ஹவுஸ் விஞ்ச் ஆபரேட்டரான காளிக்கு அந்த விஞ்ச்தான் ராஜ்யம். ஊர் ஜனங்களை அதில் ஏற்றி இறக்குவது அவன் செய்யும் தர்மம், அவன் காட்டும் அதிகாரமும் அதுவே. புதிதாக வரும் இன்ஜினியர் குமரன் அதை நிறுத்துகிறார். வழக்கமான தமிழ்ப் படத்தில் இந்த அதிகாரி கெட்டவனாக இருந்தே ஆக வேண்டும். தொழிலாளி நாயகன் என்றால் மேலதிகாரி வில்லன் என்பது நமக்குப் பழகிப்போன கணக்கு. சரத்பாபுவின் குமரன் அந்தக் கணக்கில் விழவே இல்லை. கண்ணியமானவர், சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. காளிக்கு அவரைப் பிடிக்காமல் போவதற்கு நியாயமான காரணம் ஒன்றுகூட இல்லை. அவர் வந்த பிறகு தான் சின்னவனாகிவிட்டோம் என்பதுதான் காரணம். சஸ்பெண்ட் ஆனதும் குடிக்கிறான். போதையில் கிடந்தவன் கைமேல் லாரி ஏறுகிறது. அந்தக் கை போனதற்குக் குமரன் பொறுப்பில்லை என்று படம் தெளிவாகவே வைத்திருக்கிறது. காளி மட்டும் அதை ஏற்பதில்லை.

மின்வாரிய நண்பருக்கு இது குழப்பமாக இருந்ததே படத்துக்குக் கிடைத்த சான்று. ரூல் குமரனுக்குச் சாதகம் என்று அவர் சொன்னது சரி. ஆனால் காளியின் அவமானமும் பொய்யில்லை. யாரும் தப்புச் செய்யாமலே ஒருவன் நொறுங்கிப் போக முடியும் என்று ஒரு வணிகப் படம் 1978இல் சொன்னது சாதாரண விஷயமில்லை. இந்த இடத்தில் படத்தின் புகழுக்கு மேலேயே இன்னும் கொஞ்சம் போட்டுத் தரலாம். அண்ணன் தங்கைப் பாசம் என்று பேசிப் பேசியே, தமிழில் வந்த மிக நுட்பமான வேலையிடப் படங்களில் ஒன்று இது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

தங்கை மகளின் கேள்வி அவ்வளவு சுலபத்தில் தீராது.

வள்ளியாக நடித்த ஷோபாவுக்குப் படம் வெளியானபோது பதினாறு வயது நிறையவில்லை. பதினேழு வயதில் இறந்தும் போனார். அது தெரிந்த பிறகு அவர் முகத்தை விலகி நின்று மதிப்பிடுவது எனக்குக் கஷ்டமாகவே இருக்கிறது. ஆனாலும் சொல்லலாம்: வள்ளிக்குத் திரைக்கதை கொடுத்திருப்பது குறைவு, ஷோபா அதில் சேர்த்திருப்பது அதிகம். அண்ணன் மேலுள்ள பாசமும் பயமும் எந்த இடத்தில் ஒன்றாகின்றன என்று பிரித்துக் காட்ட முடியாத ஒரு முகம். அந்த முகம் இல்லையென்றால், அண்ணனுக்கும் காதலனுக்கும் நடுவே தள்ளப்படும் ஒரு பொருளாகவே வள்ளி நின்றிருப்பாள்.

இங்கே திரைக்கதை ஒரு குறுக்கு வழியில் போகிறது. குமரன் வேண்டாம் என்று முடிவு செய்த காளி, வள்ளிக்குப் பார்க்கும் மாப்பிள்ளை மளிகைக்கடை மாயாண்டி. வெண்ணிற ஆடை மூர்த்தி நடித்த, பார்த்தாலே ஆகாத ஒரு சபலக்காரன். மாயாண்டியைப் பார்த்ததும் நமக்குள் தீர்ப்பு எழுதி முடிந்துவிடுகிறது, யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. மாயாண்டி நல்லவனாக, உழைப்பாளியாக, வள்ளிமேல் உண்மையாகவே அக்கறை உள்ளவனாக இருந்திருந்தால்? அப்போதுதான் ‘பெண்ணுக்கு நல்லது’ என்பதும் ‘பெண்ணின் விருப்பம்’ என்பதும் வேறுவேறு என்ற கேள்வி எழுந்திருக்கும். குமரனை அவ்வளவு கவனமாக வில்லனாகாமல் காத்த அதே கை, மாயாண்டியைக் கோமாளியாக்கி வேலையை எளிதாக்கிக்கொண்டது.

மங்காவின் விஷயம் இன்னும் வருத்தமானது. படாபட் ஜெயலட்சுமி நடித்த அந்தப் பெண் படத்தின் முதல் பகுதியில் சோற்றுப் பிரியை, ஊருக்குச் சிரிப்பு. காளியின் மனைவியான பிறகு கதையில் மிகப் பெரிய காரியத்தைச் செய்பவள் அவள்தான். புருஷனை எதிர்த்து நின்று, நாத்தனாரைப் பிடித்தவனுக்கே கட்டிவைக்கப் புறப்படுகிறாள். தமிழ் சினிமாவில் அண்ணி எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தை மகேந்திரன் இங்கே தலைகீழாக்கியிருக்கிறார். ஆனால் சோற்றுக்காரி எப்போது, எந்த இரவில், எதைப் பார்த்து இந்தப் பெண்ணாக மாறினாள் என்பதற்குப் படத்தில் நேரமில்லை. கடைசிக் காட்சியும் அவளுக்கென்று எதையும் எடுத்துவைக்கவில்லை. உமாசந்திரன் எழுதி, ‘கல்கி’ வெள்ளிவிழா நாவல் போட்டியில் பரிசு பெற்ற கதையிலிருந்து மகேந்திரன் தாராளமாக விலகியே இந்தப் படத்தை எடுத்தார். மூலத்தைத் தாண்டும் துணிவு இருந்தவருக்கு மங்காவுக்காக இன்னும் இரண்டு காட்சி எழுதுவது முடியாத வேலையில்லை.

சரி, அந்தக் கடைசிக் காட்சி. கல்யாணத்துக்குப் போகும் கூட்டம் மலைப்பாதையில் வருகிறது. குறுக்கே ஒற்றைக் கையோடு காளி. ஊரே ஒரு பக்கம், அவன் தனி. வள்ளி கூட்டத்தை விட்டு ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. எல்லோரையும்விட நான்தான் முக்கியம் என்று தங்கை காட்டிவிட்டாள் என்று கூட்டத்தைப் பார்த்துப் பெருமிதத்தோடு சொல்கிறான். பிறகு அவனே அவளை அழைத்துப்போய்க் குமரனிடம் ஒப்படைக்கிறான். அப்போதும் குமரனைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான்.

இந்த ஒரு வசனத்தை வைத்துத்தான் எல்லோரும் படத்தைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடலாம். ‘பாசமலர்’ வழி வந்த படங்களில் இந்த இடத்தில் அண்ணன் திருந்துவான் அல்லது செத்துப்போவான். காளி இரண்டையும் செய்யவில்லை. மனம் மாறாமலே வழிவிடும் ஒரு மனிதனை அதற்குமுன் நாம் திரையில் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் அதே காட்சியை வள்ளி நின்ற இடத்திலிருந்து பாருங்கள். தன் விருப்பத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தவள் பாதி வழியில் திரும்பி ஓடுகிறாள். திரும்பி ஓடியதற்குக் கூலியாகவே அந்த விருப்பம் அவளுக்குத் தரப்படுகிறது. அவள் எடுத்துக்கொண்ட ஒன்று, அண்ணன் கொடுத்த ஒன்றாக மாறிவிடுகிறது. காளி தோற்க வேண்டிய இடத்தில் ஜெயிக்கிறான். அதுவும் ஊர் பார்க்க. பின்னணி இசையும் அவன் பக்கம்தான் நிற்கிறது. அதுவரை அவனை ஒரு தூரத்தில் நிறுத்தி நேர்மையாகக் காட்டிவந்த படம், அந்தக் கடைசி நிமிஷங்களில் அவன் தோளில் கைபோட்டுவிடுகிறது. என் தங்கை மகள் கண்டுபிடித்தது இதைத்தான். காலம் மாறிவிட்டதால் வந்த குறையில்லை இது, 1978லேயே இருந்ததுதான். அன்று நமக்கு உறுத்தவில்லை என்பது நம்மைப் பற்றிய செய்தி.

மகேந்திரனுக்கே இது உறுத்தியதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் அடுத்த வருஷமே அவர் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். அதிலும் நடுவில் இருப்பது தன்னைச் சுற்றியுள்ள பெண்களைத் தன் உடைமையாக நினைக்கும் ஓர் ஆண்தான். விஜயன் நடித்த சுந்தரவடிவேலு. காளிக்குள் இருந்த பாசத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது என்னவென்று பரிசோதித்தது போல இருக்கும் அந்தப் பாத்திரம். அவனுக்கு மகேந்திரன் கடைசியில் ஒரு சலுகையும் தரவில்லை. ஊரே சேர்ந்து ஆற்றில் இறக்குகிறது. அதே சமயம், அப்படி இறக்கிய ஊரையும் நல்லவர்களாக விட்டுவிடவில்லை. கரையில் இரண்டு குழந்தைகள் நிற்கிறார்கள். ‘முள்ளும் மலரும்’ முடிந்ததும் நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடலாம். ‘உதிரிப்பூக்கள்’ முடிந்ததும் அப்படி எழ முடியாது.

ஆகவே என் கணக்கு இது. ‘முள்ளும் மலரும்’ முதல் வரிசையில் இருக்க வேண்டிய படம்தான், அங்கிருந்து அதை எழுப்ப வேண்டிய அவசியமில்லை. காளி, குமரன் என்ற இரண்டு பாத்திரங்களுக்கும் அவர்களுக்கு நடுவில் ஓடும் அந்த விஞ்சுக்கும் அந்த இடம் உரியது. ஷோபாவுக்கும் உரியது. மாயாண்டிக்காகவும் மங்காவுக்காகவும் மதிப்பெண் குறைக்கத்தான் வேண்டும், குறைக்கிறேன். தமிழின் ஆகச் சிறந்த படம் என்ற பட்டம் அதிகப்படி. மகேந்திரனின் ஆகச் சிறந்த படம் என்பதும் சரியில்லை. அந்த நாற்காலி ‘உதிரிப்பூக்க’ளுடையது. கடைசிக் காட்சியைப் பொறுத்தவரை, பாதிப் புகழை வைத்துக்கொள்ளட்டும், காளியின் வாய்க்குரிய பாதியை. அந்தப் பாதியைப் பறிக்க எனக்கு மனமில்லை, காரணமும் இல்லை.

தங்கை மகளிடம் இதைச் சொன்னேன். அவள் மொபைலில் தேடி அந்தக் காட்சியை இன்னொரு தடவை ஓட்டினாள். காளி பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, கூட்டத்துக்குள் விரலை வைத்துக் கேட்டாள்: “இதுல மங்கா எங்க நிக்கிறா?”

இரண்டு பேரும் தேடிக்கொண்டிருந்தோம்.