பத்துப் பக்கப் பொம்மை

ஒரு பொம்மைக்காக எட்டு நாள் போர் நடந்தது! போரிட்டோர் குழந்தைகளல்லர், முப்பது வயதைக் கடந்த இரு எழுத்தாளர்கள். ஒருவர் பிரெஞ்சு நாட்டுப் புதின ஆசிரியர் குஸ்தாவ் பிளாபேர். மற்றவர் அவருடைய உயிர்த்தோழர், கவிஞர் லூயி பூயே.

'மதாம் பொவாரி' என்னும் புதினத்தைப் பிளாபேர் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எங்கோ கண்ட விந்தையான விளையாட்டுப் பொறி ஒன்று அவர் நெஞ்சைக் கவர்ந்துவிட்டது. சயாம் மன்னனின் அரசவையைக் காட்டும் பொறியாம். அதனைக் கதையில் வரும் மருந்துக் கடைக்காரர் ஓமேயின் பிள்ளைகள் கையில் கொடுத்தார் பிளாபேர். கொடுத்ததோடு விட்டாரா? அதன் அமைப்பையும் இயக்கத்தையும் பத்துப் பக்கம் வருணித்தார். பூயே படித்தார். கதை நடக்கவில்லை, பொம்மை வழியை மறித்து நிற்கிறது என்றார். பிளாபேர் மறுத்தார், மன்றாடினார், வாதாடினார். எட்டு நாளுக்குப் பின் பொம்மை தோற்றது. அச்சேறிய நூலில் அந்தப் பத்துப் பக்கங்கள் இல்லை. இந்தச் செய்தியை அவர்களுடைய மற்றொரு நண்பர் மாக்சிம் துகாம் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

பிரெஞ்சு நாட்டுப் பொம்மைக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். தோழர்கள் பலர் தாம் தீட்டிய கதைகளை நம்மிடம் கொணர்ந்து படித்துக் காட்டுகின்றனர். கருத்திலே கனல் இருக்கிறது. நடையிலே எழில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கதையிலும் ஒரு பொம்மை இருக்கிறது! அதைத் தொட்டுக் காட்டி, இதை எடுத்துவிடலாமே என்றால் முகம் வாடுகிறது. "அந்த இடத்துக்காகத்தானே, தோழர், கதையையே எழுதினேன்" என்கின்றனர். அவர்களைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. நம் வீட்டிலும் பொம்மை இருந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

பிளாபேர் வெட்டக் கற்றது ஒரே நாளிலன்று. 1849 ஆம் ஆண்டில், இருபத்தேழு வயதில், 'புனித அந்தோணியாரின் சோதனை' என்னும் பெருநூலை முடித்தார். பூயேயையும் துகாமையும் அழைத்து, நான்கு நாட்கள், நாளுக்கு எட்டு மணி நேரம் படித்துக் காட்டினார். முடியும் வரை இருவரும் வாய் திறப்பதில்லை என்பது ஏற்பாடு. முடிந்தது. தீர்ப்பு என்ன தெரியுமா? நெருப்பில் போட்டுவிடு, இதைப் பற்றி இனிப் பேசாதே என்பது! எவ்வளவு கொடுமை! எவ்வளவு நட்பு! அவர் அதனை எரித்துவிடவில்லை, பெட்டியில் வைத்தார். 1851 இல் ஒரு சிற்றூர் மருத்துவனின் மனைவியைப் பற்றிய கதையைத் தொடங்கினார். ஏறத்தாழ ஐந்தாண்டுகள் உழைத்தார். எழுதிய வரிகளை அறையில் உரக்கக் கத்திப் படித்துச் செவியால் சோதித்தார். அந்நூலுக்காக அவர் எழுதி, அடித்து, மீண்டும் எழுதிய தாள்கள் ரூவான் நகர நூலகத்தில் இருக்கின்றன. ஏறக்குறைய 4500 பக்கங்கள்! இன்று அவற்றைக் கணினியில் எவரும் காணலாம். பக்கம் பக்கமாகக் கோடுகள், குறுக்குக் கோடுகள். பெட்டியில் கிடந்த அந்தோணியாரும் பன்முறை திருத்தப்பட்டு, வெகுவாகச் சுருங்கி, 1874 இல்தான் வெளிவந்தார்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1914 இல் உரையாற்றிய பேராசிரியர் குவில்லர்-கூச், இதனையே மாணவர்க்குச் சற்றுக் கடுமையாகச் சொன்னார். தம் அருமைச் செல்வங்களை எழுத்தாளன் கொன்றுவிட வேண்டும் என்பது அவர் கூற்று. அந்தச் சொல்லைப் பின்னாளில் வேறு பலர் பெயரில் ஏற்றிவிட்டனர், அது கிடக்கட்டும். அவர் கூறியதில் பலரும் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. அழகாக எழுத வேண்டும் என்ற வெறி எழும்போது அடக்காதே, மனமார எழுதித் தீர், அச்சுக்கு அனுப்பும் முன் அடித்துவிடு என்றார். எழுதும்போதே அஞ்சி அஞ்சி எழுதுபவனுக்கு வெட்டுவதற்கு எதுவும் இராது. வைத்துக்கொள்வதற்கும் எதுவும் இராது.

கேம்பிரிட்ஜ் வரை போவானேன்? பவணந்தியார் நன்னூலில் பத்துக் குற்றங்களை வகுத்துவைத்தாரே, அவற்றுள் ஒன்று மற்றொன்று விரித்தல். சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவது. பொம்மைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டோ? பள்ளியில் இந்தப் பத்தையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். கதை எழுத உட்கார்ந்ததும் பத்தையும் மறந்தோம்.

மறப்பதற்குக் காரணம் அறியாமையன்று, பக்தி! ஆம், பக்திதான். பழைய நூல் என்பதற்காக எதையும் வணங்காதே, பெரியவர் சொன்னார் என்பதற்காக நம்பாதே, அறிவைக் கொண்டு ஆராய்ந்து பார் என்று ஊருக்கு உரைக்கிறோம். நாமே எழுதிய வரி என்றவுடன் அதற்கு ஒரு பீடம் கட்டி, விளக்கேற்றி, தொடாதே தீட்டு என்கிறோம்! ஏன் இது இங்கே இருக்கிறது என்ற கேள்வியை எதனிடத்தும் கேட்கும் நாம், நம் உவமையிடத்துக் கேட்பதில்லை. பிறர் கட்டிய கோயிலில் மட்டுமே பகுத்தறிவு நுழைய வேண்டும் என்று சட்டமா?

இனி, நம் வீட்டுப் பொம்மைக்கு வருவோம். இளம் விதவை ஒருத்தியைப் பற்றி ஒரு கதை எழுதினோம். பத்தொன்பது பக்கம். தொடக்கத்தில் இரண்டு பக்கம் விடியல். "கீழ்வானம் சிவந்தது, கிளிகள் கிளம்பின, கிழவனின் கிழிந்த கூரையிலே கீற்றொளி கிடந்தது" என்று தொடங்கி, ககரம் களைத்துப்போகும் வரை ஓட்டியிருந்தோம். முடிவில் சீர்திருத்தத் திருமணம். மணமேடையில் மணமகன் நான்கு பக்கம் பேசுகிறான். விதவைக் கொடுமையின் வரலாறு, சாத்திரங்களின் சூது, சமுதாயத்தின் ஊமைத்தனம், எல்லாம் அடுக்கடுக்காய். அந்த நான்கு பக்கங்களை நாம் எத்தனை முறை நமக்கு நாமே படித்து மகிழ்ந்தோம் என்பதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

படி எடுத்துத் தர உதவிய மாணவி ஒருத்தி, வேலையை முடித்துத் தாள்களைக் கொடுத்தாள். கதை எப்படியம்மா என்றோம். தயங்கினாள். "நன்றாக இருக்கிறது, ஐயா. ஆனால் அந்த அக்கா எப்போது பேசுவார்கள்?" என்றாள்.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தோம். பத்தொன்பது பக்கங்களில் அவள் மூன்று முறை அழுகிறாள். இரண்டு முறை தலையசைக்கிறாள். ஒரு சொல் பேசவில்லை! ஊமையாக்கப்பட்ட பெண்ணுக்காக எழுதிய கதையில், அவளை ஊமையாக்கியவர்கள் நாம். அவள் பேச வேண்டிய இடத்தில் நம் அடுக்குமொழி அமர்ந்துகொண்டிருந்தது. அதுவரை அந்த உரையை மிகையான நகை என்றே எண்ணியிருந்தோம். கழற்றினால் அழகு சற்றுக் குறையலாம், அவ்வளவே என்று. அது நகையில்லை என்பதும், பிறர் இருக்கையைப் பறித்துக்கொண்ட ஆள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

கதையில் மேடைப் பேச்சே கூடாதா என்று தோழர்கள் சினம் கொள்ள வேண்டா. மேடையால் வளர்ந்த இயக்கம் நம்முடையது, மேடையை இகழ்வோமா? 'மதாம் பொவாரி'யிலேயே ஒரு பொதுக்கூட்டம் வருகிறது. உழவர் கண்காட்சி. அரசு அலுவலர் ஒருவர் உழவின் பெருமை, நாட்டின் செழுமை என்று முழங்குகிறார். பிளாபேர் அந்த உரையைத் துண்டு துண்டாக நறுக்குகிறார். மேலே மாடியில் ஒரு செல்வன், மணமான எம்மாவிடம் காதல் மொழி பேசி மயக்குகிறான். கீழே ஒரு பொய், மேலே ஒரு பொய். இரண்டும் மாறி மாறி நம் செவியில் விழுகின்றன. ஆசிரியர் இடையில் வந்து ஒரு சொல் உரைக்கவில்லை. பிறகு பரிசளிப்பு. கத்தரீன் லெரூ என்னும் கிழவி அழைக்கப்படுகிறாள். ஒரே பண்ணையில் 54 ஆண்டுகள் ஊழியம் செய்தவள். அதற்குப் பரிசு, 25 பிராங்கு மதிப்புள்ள வெள்ளிப் பதக்கம்! உழைத்து உழைத்து முடிச்சேறிய அவள் கைகளைச் சில வரிகளில் காட்டுகிறார். அவளோ பதக்கத்தை ஊர்ப் பாதிரியாரிடம் கொடுத்துத் தனக்காகப் பூசை செய்யச் சொல்லப்போவதாக முணுமுணுத்துக்கொண்டு போகிறாள். சுரண்டலும் மூடநம்பிக்கையும் கைகோத்து நடப்பதைக் காட்ட நாமாக இருந்தால் எத்தனை பக்கம் எடுத்துக்கொண்டிருப்போம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கசக்கிறது. அதைக் கேட்டு, என்ன மதவெறி என்று குரல் கொடுப்பவர் மருந்துக் கடைக்காரர் ஓமே. பாதிரிகளைச் சாடுபவர், அறிவியல் பேசுபவர், வாய் ஓயாதவர். கிழவியின் கைகளை அவர் பார்க்கவில்லை. ஒரு நல்ல சொற்றொடர் கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கிறார். அவரைப் படிக்கும்போதெல்லாம் நம் நான்கு பக்கங்கள் நினைவுக்கு வருகின்றன.

வெட்டினோம். விடியல் போயிற்று, உரை போயிற்று. உரை வீணாகிவிடவில்லை. வாசகசாலை ஆண்டு விழா மேடையில் பேசினோம், கைதட்டினார்கள். அதன் இடம் அதுதான். கதையில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. பல நாள் எதுவும் தோன்றவில்லை. பிறகு அவள் தானாகக் கடைத்தெருவுக்கு நடந்தாள். பூக்காரியிடம் இரண்டு முழம் கேட்டாள். யாருக்கு என்றாள் பூக்காரி. "எனக்குத்தான்" என்றாள். மணமகன் இன்னும் கதைக்குள் வரவேயில்லை. பத்தொன்பது பக்கம் பதின்மூன்றாயிற்று.

வெட்டுவது நன்று என்றால் யார் வெட்டினாலும் நன்றா? பிளாபேரின் கதைக்கு இரண்டாம் பகுதி உண்டு. 1856 இல் அப்புதினத்தைத் தொடராக வெளியிட்ட இதழை நடத்தியவர்களுள் ஒருவர் அதே துகாம். அவரும் வெட்டச் சொன்னார். எம்மாவும் காதலனும் திரையிட்ட வண்டிக்குள் இருக்க, வண்டி ரூவான் தெருக்களில் ஓடிக்கொண்டேயிருக்கும் காட்சியை, டிசம்பர் இதழில் ஆசிரியரின் எதிர்ப்பையும் மீறி நீக்கினர். கதை அங்கே நின்றுவிட்டது என்பதற்காகவா? இல்லை. அரசு சினங்கொள்ளுமே என்ற அச்சத்தால். அஞ்சி வெட்டியும் வழக்கு வந்தது! 1857 சனவரியில் விசாரணை. பிப்ரவரி 7 இல் விடுதலை. ஏப்ரலில் நூல் வெளிவந்தபோது வண்டி மீண்டும் ஓடியது. பொம்மை மட்டும் திரும்பவில்லை. நூலின் முகப்பில் இரு காணிக்கைகள் உள்ளன. ஒன்று வழக்காடிய செனாருக்கு. மற்றொன்று, பத்துப் பக்கத்தைப் பறித்த பூயேக்கு.

நம் கதையைப் பதின்மூன்று பக்கமாக்கி ஓர் இதழ் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றோம். ஆசிரியர் அன்போடு படித்தார், பாராட்டினார். ஒரே ஒரு மாற்றம் வேண்டும் என்றார். அந்தப் பூ வாங்கும் இடத்தைத் திருமணத்துக்குப் பின்னால் வைத்துவிடுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள், நம் வாசகர்கள் ஏற்கமாட்டார்கள் என்றார். கதைக்கு அது தடையாக இருக்கிறதா என்று கேட்டோம். கதைக்கு ஒன்றுமில்லை, தம்பி, ஊருக்குத்தான் என்றார்.

தாள்களை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினோம். கதை இன்னும் அச்சேறவில்லை.