கறுப்புச் சதுரத்தின் பேரழகு

தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரீயிலிருந்து மார்லா வரை சுமார் 600 கிலோமீட்டர் நீளுகிறது ஊட்னடாட்டா மண்சாலை. இருட்டியபின் அங்கே வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கங்காரு பயம் உண்டு. அதனால் அந்தப் பக்கத்து ஹைலக்ஸ் பிக்கப்களின் முன்பம்பரில் பெரிய வட்ட விளக்குகள் இரண்டு ஜோடியாக வீற்றிருக்கும். பார்ப்பவர் கண்ணெல்லாம் அவற்றின்மேல்தான். நான் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லும் ஜாதி. பேட்டரிக்குப் பக்கத்தில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கறுப்புச் சதுரம் ஒன்று அடக்கமாகத் திருகப்பட்டிருக்கும், பாருங்கள். அதுதான் ரிலே. அழகு அங்கே குடியிருக்கிறது.

நூறு வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு எரிந்தால், 12 வோல்ட் வண்டியில் ஏறத்தாழ 17 ஆம்பியர் ஓடும். அத்தனை மின்சாரத்தையும் டாஷ்போர்டு ஸ்விட்ச் வரை இழுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்தால், வழிநெடுக வோல்டேஜ் கசியும். ஹாலஜனோ மிக ரோஷக்காரப் பிறவி. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போல வாடிவிடும். ரிலே வந்ததும் இந்த அலைச்சல் நின்றுபோகிறது. தடித்த வயர் பேட்டரியிலிருந்து விளக்குக்குக் குறுக்கு வழியில் போய்ச் சேர, ஓட்டுநரின் விரல் வரை நீள்வது மெல்லிய வயர் மட்டும். ரிலேக்குள் காந்தமாகும் கம்பிச் சுருளான காயில் கேட்பது ஓர் ஆம்பியரில் ஐந்திலொரு பங்குகூட இல்லை. அங்குசத்துக்கு யானை பணிவதுபோல, அந்தத் துளிக்குப் பதினேழு ஆம்பியர் பணிகிறது. இரண்டு ஓட்டமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவே நிற்பது காந்தம்.

ரிலேயைக் கவிழ்த்து அதன் கால்களைக் கொஞ்சம் பாருங்கள். 30, 85, 86, 87 என்று பொடி எழுத்தில் எண்கள் இருக்கும். டிஐஎன் 72552 என்ற ஜெர்மானியத் தரம் தந்த பெயர்கள் அவை. 30 பேட்டரியிலிருந்து நேரே வரும் மின்சாரத்துக்கு, 87 விளக்குக்குப் போவதற்கு, 85-உம் 86-உம் காயிலின் இரு முனைகள். எந்த ஊர் மெக்கானிக்கும் எந்த மொழியும் பேசாமலே இதைப் படித்துவிடலாம். கால்கள் எல்லாம் ஒரே திசை பார்ப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். சாக்கெட்டில் தப்பாகச் செருகவே முடியாதபடி, நிற்கும் கோணத்திலேயே புத்தியை ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

இனி நான் மிகவும் சொக்கிப்போகும் இடம். எதிரே வண்டி வந்து டிம் அடித்தால் இந்தக் கூடுதல் விளக்குகளும் கூடவே அணைய வேண்டும். ஆஸ்திரேலிய விதி அப்படி. ஆகவே காயிலுக்கான சைகையை ஹை பீமிலிருந்து எடுக்கிறார்கள். ஆனால் பல ஹைலக்ஸ்களில் ஹெட்லைட்டின் ஸ்விட்ச் பாசிட்டிவ் பக்கம் இல்லை, எர்த் பக்கம் இருக்கிறது. வழக்கம்போல 85-ஐ பாடி எர்த்தில் மாட்டிவிட்டு விழிப்பவர்கள் உண்டு. தேர்ந்த கை என்ன செய்கிறது தெரியுமா? காயிலின் இரு முனைகளையும் ஹை பீம் இழையின் இரு முனைகளோடு சேர்த்துவிடுகிறது. கேபினில் இருக்கும் ஸ்விட்ச் அந்த மெல்லிய வழியில் குறுக்கே நிற்கும். ஹெட்லைட் ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருந்தாலென்ன, இழை எரியும்போது காயிலும் விழிக்கும், இழை அணைந்தால் காயிலும் உறங்கும். காயில் பார்ப்பது இரு முனைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை மட்டுமே. என்ன ஒரு சமநோக்கு!

மற்ற நயங்கள் கூர்ந்து பார்ப்பவருக்கே அகப்படும். ஃபியூஸ் விளக்குப் பக்கம் இராமல் பேட்டரியை ஒட்டியே அமர்ந்திருக்கும், வயர் எங்கே உரசினாலும் காப்பு அதற்கு முன்னாலேயே நிற்க வேண்டுமே. தகடு துளைத்து வயர் கேபினுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் ஒன்று கழுத்தைப் பாதுகாக்கும். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கியே இருக்கும், விழுந்த தண்ணீர் வடிந்துபோக. பெட்டியில் கட்டி விற்கும் மலிவான வயரிங் செட்டுகளில் இந்தப் பரிவைத் தேட வேண்டாம்.

ஸ்விட்சை அழுத்தியதும் கேட்கும் அந்த 'டிக்' ஓசையும் எனக்கு இனியது. காயில் இரும்புத் தகட்டை இழுக்க, பாயின்ட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் ஓசை அது. பிரின்ஸ்டனில் 1835-இல் ஜோசஃப் ஹென்றி செய்துகாட்டியதும் இதே தத்துவம்தான். காயில் ஓயும் நொடியில் எதிர்த்துத் துள்ளும் வோல்டேஜைத் தணிக்க, சில ரிலேக்களுக்குள் சின்ன ரெசிஸ்டர் ஒன்றையும் வைத்திருப்பார்கள். அதன் சேவை வெளியே தெரிவதே இல்லை.

எல்இடி வந்து மின்சுமை குறைந்துவிட்டது, ரிலே மட்டும் இன்னும் தன் இடத்தை விடவில்லை. அடுத்த முறை இப்படி ஒரு வண்டியைக் கண்டால் விளக்கை மெச்சிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.