குடம், லாரி, கேன்: கீழ்க்கட்டளையில் உட்கார்ந்து ‘தண்ணீர்’ படிப்பது

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைப் பற்றி யார் பேசினாலும் ரெண்டாவது வாக்கியத்திலேயே “இங்கே தண்ணீர் என்பது ஒரு குறியீடு” என்று வந்துவிடுகிறது. அன்பு வற்றிப்போனதற்குக் குறியீடு, நகர வாழ்க்கையின் வறட்சிக்குக் குறியீடு, பெண்ணின் தாகத்துக்குக் குறியீடு. தப்பில்லை, எல்லாவற்றுக்கும் நாவலில் இடம் இருக்கிறது. ஆனால் இப்படிப் படிக்கும்போது புத்தகத்தின் பெரும்பகுதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம் என்பது என் எண்ணம். இந்தக் கோடையில் மறுபடி படித்தபோது பென்சிலால் ஒரு வேலை செய்தேன். தண்ணீர் பிடிப்பது, தூக்குவது, நிரப்புவது, மூடிவைப்பது, அதற்காகக் காத்திருப்பது, சண்டை போடுவது என்று வருகிற இடங்களையெல்லாம் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே போனேன். முடித்துவிட்டுப் புரட்டிப் பார்த்தால், கோடு இல்லாத பக்கங்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

படிக்காதவர்களுக்காகக் கதை சுருக்கமாக. முடிவையும் சொல்லிவிடுகிறேன், இது முடிவுக்காகப் படிக்கிற நாவல் இல்லை. சென்னையில் ஒரு தெரு, அங்கே ஒரு வாடகை வீட்டில் அக்கா ஜமுனா, தங்கை சாயா. ஜமுனாவுக்கு சினிமாவில் வேஷம் வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு பாஸ்கர் ராவ் என்பவன் காரில் வந்து போகிறான். சாயாவுக்கு அது பிடிக்கவில்லை. அவள் வேலைக்குப் போகிறவள், கணவன் ராணுவத்தில், குழந்தை வேறு இடத்தில் வளர்கிறது. தெருவில் தண்ணீர் இல்லை. குழாய் வற்றி, அடி பம்பு தேடி, வரிசையில் நின்று, கார்ப்பரேஷன்காரர்கள் தெருவைத் தோண்டிப்போட்டு, கடைசியில் வந்த தண்ணீரிலும் சாக்கடை கலந்து வருகிறது. நடுவில் ஜமுனா சாகவும் துணிகிறாள். அதே தெருவில் இருக்கிற டீச்சரம்மாவோடு நடக்கிற ஒரு பேச்சு அவளைக் கொஞ்சம் நிமிர்த்துகிறது. முடிவில் அவள் பாஸ்கர் ராவைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். இவ்வளவுதான்.

1970-களின் தொடக்கத்தில் கணையாழியில் தொடராக வந்து பிறகு நூலானது. அறுபதுகளின் கடைசியில் சென்னையை வாட்டிய தண்ணீர்ப் பஞ்சம்தான் பின்னணி. மெட்ரோ வாட்டர் வாரியம் உருவானதே 1978-ல். கிருஷ்ணா தண்ணீருக்கு ஒப்பந்தம் போட்டது 1983-ல், வீராணம் தண்ணீர் சென்னைக்கு வந்து சேர்ந்தது 2004-ல். இந்தச் சொற்கள் எதுவுமே ஜமுனாவின் தெருவில் கிடையாது. அவளிடம் இருப்பது ஒரு குடமும், எந்த வீட்டில் பம்பு அடித்தால் தண்ணீர் வருகிறது என்ற தகவலும்தான்.

கொஞ்சம் கணக்கு போடலாம். ஒரு குடம் பதினைந்து லிட்டர்னு வச்சுக்குங்க, பதினைந்து கிலோ. இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்குக் குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, குளிக்க என்று ரொம்பச் சிக்கனமாகப் போனாலும் பத்து குடம் வேண்டும். நூற்றைம்பது கிலோ. அடி பம்பில் ஒரு குடம் நிரம்ப எத்தனை அடி அடிக்கணும் என்பது நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அடித்தவர்களுக்குத் தெரியும், முதல் இருபது அடி வெறும் காற்றுதான், தோள்தான் போகும். இதில் வரிசை நேரம் சேரவில்லை. வேலைக்குப் போகிற சாயா இதைக் காலையில் முடிக்கணும், இல்லாவிட்டால் ராத்திரி. ஜமுனாவின் சினிமாக் கனவு, சாயாவின் கோபம், வீட்டுக்காரம்மாவின் சிடுசிடுப்பு எல்லாமே இந்த நூற்றைம்பது கிலோவுக்கு இடையில் கிடைத்த நேரத்தில்தான் நடக்கின்றன. ஆசிரியர் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. “பாவம்” என்றும் சொல்வதில்லை. ஒருத்தி எழுந்தாள், குடத்தை எடுத்தாள், போனாள், கிடைக்கவில்லை, வேறு இடம் போனாள் என்று எழுதிக்கொண்டே போகிறார். படித்து முடிக்கும்போது நமக்குத்தான் தோள் வலிக்கிறது.

குறியீடு என்று சீக்கிரம் சொல்லிவிட்டால் இந்த வலி போய்விடும். அதுதான் என் சிக்கல்.

தண்ணீர்ப் பஞ்சம் என்றதும் தமிழில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ‘தண்ணீர் தண்ணீர்’தான். கோமல் சுவாமிநாதனின் நாடகம், 1981-ல் பாலசந்தர் படமாக எடுத்தார், தேசிய விருதும் வாங்கியது. அங்கே எல்லாம் பெரிசு. வறண்ட கிராமம், ஊரே சேர்ந்து கால்வாய் வெட்டுவது, அதிகாரிகள் தடுப்பது, எதிரி யார் என்று விரல் நீட்டிக் காட்ட முடிகிற கோபம். நல்ல படம், அந்தக் கோபமும் நியாயமானது. அசோகமித்திரன் தெருவில் விரல் நீட்ட ஆளே கிடைக்க மாட்டார். தோண்ட வந்த கூலிக்காரரைத் திட்டினால் அவர் என்ன செய்வார்? பக்கத்து வீட்டுக்காரி ஒரு குடம் கூடப் பிடித்துவிட்டாள் என்றுதான் கோபம் வரும். வீட்டுக்குள் வந்த பஞ்சம் அப்படித்தான் இருக்கும். ஒருத்தரை ஒருத்தர் அளக்க வைக்கும். இந்தச் சின்னத்தனத்தை வெட்கப்படாமல் எழுதியிருப்பது ‘தண்ணீர்’ நாவலின் பெரிய பலம்.

இப்போ எங்க ஊருக்கு வருகிறேன். கீழ்க்கட்டளையில் ஏரி இருக்கிறது. அது நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்குப் போய், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர், மே மாதத்தில் போரில் காற்று. இதுதான் தென்சென்னைப் புறநகரின் வருஷ அட்டவணை. பல்லாவரம் நகராட்சியாக இருந்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டோம். பெயர்ப்பலகை மாறியது, கோடையில் லாரிக்கு போன் போடுவது மாறவில்லை.

ஆனால் இங்கே வரிசை கிடையாது. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி வரும், சம்பில் குழாயைப் போடும், அரை மணி நேரத்தில் போய்விடும். ஜமுனாவின் குடத்தில் அளந்தால் எண்ணூறு குடம். எண்ணூறு முறை நடக்க வேண்டியதை ஒரு டீசல் மோட்டார் செய்துவிடுகிறது. மாடியில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் என்பது மாதக் கடைசியில் மெயின்டனன்ஸ் கணக்கில் வருகிற ஒரு வரி. “இந்த மாசம் லாரி ஏழு வந்திருக்கு சார்” என்று அசோசியேஷன் செயலாளர் சொல்லுவார். “ஏன் ஏழு?” என்று ஒருத்தர் கேட்பார். எந்த வீட்டில் வாஷிங் மெஷின் தினமும் ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேர் சொல்ல மாட்டார்கள். தெருச் சண்டை போய் வாட்ஸ்அப் மௌனம் வந்திருக்கிறது.

அந்த லாரித் தண்ணீர் எங்கிருந்தோ வந்தாகணும் இல்லையா? நகரத்தை ஒட்டிய கிராமத்துக் கிணற்றிலிருந்து வருகிறது, அங்கே ஒருத்தரின் கிணறு இறங்குகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் கிட்டத்தட்ட வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஜூலை 12 அன்று வந்த முதல் ரயிலில் ஐம்பது வேகன், இருபத்தைந்து லட்சம் லிட்டர். அப்போது எல்லோரும் ரயிலைப் படம் எடுத்தோம். அதே வாரத்தில் தெருமுனையில் நிறக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு டேங்கருக்காக உட்கார்ந்திருந்த பெண்கள் செய்தியின் ஓரத்தில்தான் வந்தார்கள். அவர்கள் ‘தண்ணீர்’ நாவலின் ஆட்கள். சம்ப் இல்லாத வீட்டுக்கு 1969-ம் 2019-ம் ஒன்றுதான்.

சம்ப் இருக்கிற வீட்டிலும் குடிதண்ணீர் தனி. அதற்குக் கேன். இருபது லிட்டர், இருபது கிலோவுக்கு மேல். எங்கள் கட்டடம் போல லிஃப்ட் இல்லாத மூணு மாடிக் கட்டடங்கள் இந்தப் பக்கம் நிறைய. ஒரு தம்பி தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஏறி வருவார். “அண்ணா, மூணாவது மாடிக்கு அஞ்சு ரூபா எக்ஸ்ட்ரா” என்பார், கொடுக்காமல் பேரம் பேசுகிறவர்களும் உண்டு. கதவைத் திறந்து, காலி கேனை நீட்டி, காசு கொடுத்து, கதவை மூடினால் முடிந்தது. அவர் வீட்டுக்கு யார் தண்ணீர் தூக்குகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. நீங்க கேட்டிருக்கீங்களா?

இங்கேதான் நாவலுக்குள் மறுபடி நுழையணும். ஜமுனாவும் டீச்சரம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் அறிந்துகொண்டது எப்படி? ஒரே தெருவில் தண்ணீருக்கு அலைந்ததால். டீச்சரம்மா பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வந்து, நோயாளிக் கணவனையும் ஏசுகிற மாமியாரையும் பார்த்துக்கொண்டு, குடத்தையும் தூக்குகிறவள். பதினைந்து வயசில் கல்யாணம் ஆனவள். தன் கதையை அவள் ஜமுனாவிடம் சொல்லும்போது ஆறுதல் வார்த்தை பெரிசாக எதுவும் இல்லை. ‘உனக்கு மட்டும்தான் கஷ்டமா’ என்கிற மாதிரி ஒரு கண்டிப்புதான் இருக்கிறது. அது ஜமுனாவுக்கு உறைக்கக் காரணம், சொல்கிறவள் தூக்குவதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். உபதேசம் செய்கிறவர் குடம் தூக்காதவராக இருந்தால் அந்த அத்தியாயமே விழுந்திருக்கும்.

அதனால் பழைய வரிசை நல்லது, அதுவே சமூகம் என்று சொல்ல வரவில்லை. பஞ்சத்தை அழகாக்குகிற பேச்சு எனக்கு ஆகாது. வரிசையில் நின்று தோள் போனவர்கள் யாரும் வரிசை வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். என் அம்மாவிடம் சொன்னால், “நீ போய் நில்லு, நான் புஸ்தகம் படிக்கிறேன்” என்பார். டீச்சரம்மா ஒரு புனிதப் பாத்திரமாக இல்லாமல் களைத்துப்போன மனுஷியாக வருவதால் நாவலும் அந்தத் தப்பைச் செய்யவில்லை. நான் சொல்வது இதுதான்: சுமை கண்ணில் படுகிற இடத்தில் ஒருத்தருக்கு இன்னொருத்தரைப் பற்றி ஏதோ தெரிகிறது. லாரியும் கேனும் வந்தபிறகு சுமை அப்படியே இருக்கிறது, இடம் மட்டும் மாறியிருக்கிறது. அக்காவின் இடுப்பிலிருந்து கேன் தம்பியின் தோளுக்கும், தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கிணற்றுக்கும் போய்விட்டது. இந்த இடமாற்றத்தைப் பற்றி இன்னும் ஒரு ‘தண்ணீர்’ எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தால் சொல்லுங்கள், தேடிப் படிக்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. பாஸ்கர் ராவ் ரொம்ப மெலிசு. ஜெமினி ஸ்டுடியோவில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர் அசோகமித்திரன், ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் புரொடக்‌ஷன் மேனேஜர் வரைக்கும் சினிமாக்காரர்களின் பசியையும் பயத்தையும் உள்ளே போய்க் காட்டியவர். அவர் கையில் பாஸ்கர் ராவ் கார் ஹாரனாகவும் சாக்குப்போக்காகவும் நின்றுவிடுகிறான். ஜமுனா அவனிடம் ஏன் அத்தனை நாள் கட்டுண்டு கிடந்தாள் என்பது எனக்கு நம்பிக்கையாகப் படவில்லை. சாயா கோபித்துக்கொண்டு பிரிவதும் திரும்புவதும்கூட அவசரமாக நடக்கிறது. தொடராக எழுதியதன் தடயமோ என்னவோ.

இன்னொன்று, ஞாபகத்தில் நிற்கிற வரை குடம் தூக்குகிறவர்கள் எல்லாருமே பெண்கள். ஆண்கள் ராணுவத்தில், படுக்கையில், காரில் இருக்கிறார்கள். நாவல் இதைக் காட்டுகிறது, ஆனால் ஒரு இடத்திலும் நின்று கேட்பதில்லை. ஜமுனா கேட்டிருக்கலாம், சாயா நிச்சயமாகக் கேட்கக்கூடியவள். ஆசிரியரின் அடக்கம் பல இடங்களில் பலம், இந்த இடத்தில் அது நழுவல் மாதிரி தெரிகிறது.

இருந்தும் மூணாவது முறையாகப் படித்தேன், நாலாவது முறையும் படிப்பேன். அசோகமித்திரன் 2017 மார்ச்சில் காலமானார், கடைசி நாட்களில் அவர் இருந்தது வேளச்சேரியில். கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு பஸ் தூரம். லாரிகள் போகிற பாதை அவருக்கும் தெரிந்திருக்கும்.

புதிதாகப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. முதல் தடவை குறியீட்டையெல்லாம் ஓரம் வையுங்கள். யார் தூக்குகிறார்கள், எவ்வளவு, எத்தனை தூரம், அந்த நேரத்தில் எந்த வேலை நின்றுபோகிறது என்று மட்டும் பாருங்கள். பென்சில் இருந்தால் கோடு போடுங்கள். அப்புறம் கேன் வருகிற நாளில் அந்தத் தம்பி மூணு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கும்போது, அந்த அஞ்சு ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, “உங்க வீட்ல தண்ணி எப்படி தம்பி?” என்று கேட்டுப் பாருங்கள். நானும் இந்த வாரம் கேட்கிறதாக இருக்கிறேன்.