கிரிந்தவில் கேட்ட மலாய்

கிரிந்தவுக்குப் போகிறவர்கள் யால சிறுத்தையைத் தேடித்தான் போவார்கள். நான் வாய் பிளந்து நின்றது மீன்பிடித் துறைமுகத்தில், வலையைப் பிரித்துக்கொண்டே இரண்டு பேர் பேசிய பேச்சுக்கு! கிண்ணியாக்காரனுக்குப் படகுத்துறைச் சத்தம் புதிதா என்ன? ஆனால் இது தமிழுமில்லை, சிங்களமுமில்லை. மலாய். இலங்கை மலாய். அல்லாஹ், என்ன இனிமை!

சொல்லெல்லாம் கடல் கடந்து வந்தவை, கோர்வை மட்டும் அப்படியே நம்முடையது. 'ரூமா' என்றால் வீடு. 'ரூமாநங்' என்றால் வீட்டுக்கு. நாம் 'கு' ஒட்டுகிற அதே இடத்தில் அவர்கள் 'நங்' ஒட்டுகிறார்கள். மலேசியாக்காரர் இதையே 'கெ ருமா' என்று முன்னால் வைத்துச் சொல்வார். வினைச்சொல்லும் நம்மைப்போலக் கடைசியில்தான் வந்து உட்காரும். தகரமும் டகரமும் தனித்தனியாகக் கேட்கின்றன. நாக்கை மடிக்கிற அந்த டகரம் மலேசிய மலாயில் கிடையாது. வெட்கத்தை விட்டு, "இன்னொருக்காச் சொல்லுங்க நானா" என்று கேட்டுக் கேட்டு ரசித்தேன். அவரும் சளைக்காமல் சொன்னார்.

ஒல்லாந்தர் ஜாவாப் பக்கமிருந்து கொண்டுவந்த சிப்பாய்களும் நாடுகடத்தப்பட்டவர்களும் பேசிய மொழி இது. ஆங்கிலேயரும் மலாய்ப் படை வைத்திருந்தார்கள். 1873இல் அது கலைக்கப்பட்டது. இலக்கணத்தை இப்படி வளைத்தது தமிழா சிங்களமா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். தமிழ் பேசும் முஸ்லிம்களோடு நடந்த கலியாணங்களைக் காரணம் காட்டினார் வரலாற்றாசிரியர் பி. ஏ. ஹுசைன்மியா. என் ஓட்டு அவருக்கே. சம்பந்தி வீட்டுப் பாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்!

இன்னொரு சங்கதி. 1869இலேயே கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்று மலாய்ப் பத்திரிகை நடத்தினார் பாபா யூனுஸ் சல்தீன். மலாய் மொழியின் மிகப் பழைய பத்திரிகைகளில் அதுவும் ஒன்று. அச்சிட்டது அரபு எழுத்தில், நம் உம்மும்மாமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் போலவே.

இன்று நாட்டில் மலாய்க்காரர் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர். பள்ளிக்கூடத்தில் படிப்பு சிங்களத்தில் அல்லது தமிழில். கொழும்பில் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு மலாய் வாயில் வருவதில்லை. கிரிந்தவிலோ பொடியன்மார் கிரிக்கெட் சண்டையையே அதில்தான் போடுகிறார்கள். 'அவுட்' என்ற ஒரு சொல்லைத் தவிர எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனாலும் ஆட்டம் முடியும்வரை எல்லைக்கோட்டை விட்டு நான் அசையவில்லை.